அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வீடு மாறுகிறீர்களா? துணி துவைப்பதில் இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவில் சில வருடங்கள் இருந்துவிட்டு வேலை மாற்றலில் லண்டன் வருகிற நம்மவர்கள் நிறைய பேர். இரண்டு இடத்திலும் ஆங்கிலம்தானே என்ற தைரியத்தில் வந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் வந்தோம். ஆனால் வீட்டுக்குள் நடக்கிற விஷயங்கள் இரண்டு நாட்டிலும் வேறு வேறு. அதிலும் துணி துவைப்பதில்தான் எல்லோரும் முதலில் தடுமாறுகிறோம்.

பிரிட்டனில் வாஷிங் மெஷின் பெரும்பாலும் சமையலறையில், சிங்க் பக்கத்தில் இருக்கும். முதல் நாள் 40 டிகிரியில் போட்டோம். ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஓடிக்கொண்டே இருந்தது. பழுது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தினால், உள்ளே தண்ணீர் இருப்பதால் கதவு திறக்கவில்லை. மெஷினில் ஒரு குறையும் இல்லை. அமெரிக்க மெஷின் வீட்டு ஹீட்டரிலிருந்து வெந்நீரை எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். இங்கே அது பச்சைத் தண்ணீரை மட்டும் எடுத்துத் தானே சூடாக்குகிறது. பருத்தித் துணிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆவது சாதாரணம். அவசரத்துக்கு 30 நிமிட ‘குவிக் வாஷ்’ இருக்கிறது. லேசான அழுக்குக்கு அது போதும்.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில் என்றால், நிரம்பப் போட்டுவிட்டு அப்படியே டிரையரை ஓட விடாதீர்கள். 8 கிலோ துவைக்கிற மெஷின் பெரும்பாலும் 5 கிலோவைத்தான் உலர்த்தும். மிச்சத்தை முதலிலேயே வெளியே எடுத்துவிட வேண்டும்.

அந்த மிச்சத்தை வீட்டுக்குள் காயப்போடுவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, படுக்கையறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் துணியை விரிக்கிறோம். அந்த ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த சுவரில் படிந்து கறுப்புப் பூஞ்சையாகிறது. எங்கள் முதல் குளிர்காலத்திலேயே கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிட்டது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு அறையில் மட்டும் ஸ்டாண்டு வைத்து, அதன் கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெயில் வந்தால் தோட்டத்துக் கொடியில் போடுங்கள். பிரிட்டனில் அதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

இங்கிருந்து அமெரிக்கா போகிறவர்கள் அந்தக் கடைசிப் பழக்கத்தைத்தான் யோசித்துச் செய்ய வேண்டும். அங்கே பல குடியிருப்புகளில் பால்கனியில் துணி தொங்கவிட அனுமதி இல்லை. ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் கொடி கட்டும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். டிரையரில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும். பொது லாண்ட்ரி அறை என்றால் போனில் டைமர் வைத்து, முடிந்ததும் துணியை எடுத்துவிடுவதுதான் மரியாதை.

அப்புறம், மின்சாரம். அமெரிக்காவுக்கென்று வாங்கிய 110 வோல்ட் மிக்ஸியை பிரிட்டனின் 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். பிளக் அடாப்டர் வோல்டேஜைக் குறைக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி என்றால் கவலையில்லை, அடாப்டர் போதும். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100-240 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சிலும் சில இருக்கின்றன. நமக்கும் அமெரிக்கர்களுக்கும் பேன்ட் என்றால் கால்சட்டை. பிரிட்டனில் அது உள்ளாடை. இங்கே ‘ட்ரவுசர்ஸ்’ என்று சொல்லுங்கள். ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் ஆறரை மணி. தேதியில் பிரிட்டன் நம் ஊர் வழக்கம்தான்: 5/6 என்றால் ஜூன் 5. அமெரிக்காவில் அதுவே மே 6. வீட்டுச் சாவி வாங்கும் நாளைக் குறிக்கும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.