பிளகினில் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் ஓட்டை: கண்டுபிடித்து அடைப்பது எப்படி?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேர்ட்பிரஸ்ஸில் சைட் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் எண்ணைத் தட்டினால் பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்). அதன் பின்னால் உள்ள டேபிளில் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருப்பவர்களின் செல் நம்பரும் வீட்டு முகவரியும் கிடக்கின்றன. அவை வெளியே போகக்கூடாது. டேட்டாபேஸிடம் பேசும் மொழி எஸ்.க்யூ.எல்.; பெட்டியில் ஒருவர் தட்டுவது அந்த மொழிக் கட்டளையோடு கலந்து ஓடிவிடுவதுதான் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன்.

முதலில் பேக்கப். பிறகு உங்கள் கம்ப்யூட்டரிலேயே சைட்டின் நகல் ஒன்றை ஓட்டி, சோதனையை அதில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் சைட்டில் அனுமதியின்றிக் கைவைப்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

ஆர்டர் எண் பெட்டியில் 0 ஆர் 1=1 என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். 0 என்ற எண்ணில் ஆர்டரே கிடையாது. ஆனாலும் யாரோ ஒருவருடைய ஆர்டர் வந்து நின்றால் ஓட்டை உறுதி. நீங்கள் தட்டியது மதிப்பாகப் போகாமல் கட்டளையோடு சேர்ந்துவிட்டது. ‘ஆர்’ என்றால் ‘அல்லது’; 1=1 எப்போதும் சரி என்பதால் டேபிளின் எல்லா வரிசைகளும் பொருந்திவிடுகின்றன. எதுவும் வரவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம், கோடையும் பார்த்துவிடுங்கள்.

பிளகின் ஃபோல்டரில் டபிள்யூ.பி.டி.பி. என்று தேடுங்கள்; வேர்ட்பிரஸ் டேட்டாபேஸிடம் பேசுவது இதன் வழியாகத்தான். பயனர் தந்த மதிப்பை க்வெரியில் (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையில்) புள்ளி வைத்து, அதாவது பி.எச்.பி.யின் இணைப்புக் குறியால், ஒட்டியிருந்தால் அங்கேதான் கோளாறு. மேற்கோள் குறிகளுக்கு முன் வேர்ட்பிரஸ் தானாகவே பின்சாய்கோடு போடுகிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணைச் சுற்றி மேற்கோளே இல்லாதபோது அந்தப் பின்சாய்கோட்டால் என்ன பயன்? மேலே தட்டியதிலும் ஒரு மேற்கோள்கூட இல்லை, பாருங்கள்.

சரி, திருத்தம். டபிள்யூ.பி.டி.பி.யின் ப்ரிப்பேர் ஃபங்ஷனுக்குள் க்வெரியை எழுதி, எண் வரும் இடத்தில் %டி, எழுத்து வரும் இடத்தில் %எஸ் வையுங்கள் (கோடில் ஆங்கிலச் சிறிய எழுத்து). மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். %டி முழு எண்ணாக மாற்றிவிடுவதால் மேலே தட்டியது வெறும் 0 ஆகிவிடும். %எஸ்ஸைச் சுற்றி நீங்கள் மேற்கோள் போட வேண்டாம், அதுவே போட்டுக்கொள்ளும். ஒட்டிய க்வெரியையே ப்ரிப்பேருக்குள் தள்ளினால் பாதுகாப்பு துளியும் இல்லை. பிளகின்களில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்.

வேறு யாரோ எழுதிய பிளகின் என்றால் உடனே அப்டேட் செய்யுங்கள். அப்டேட் வரவில்லையா, டீஆக்டிவேட் செய்து அழித்தே விடுங்கள். அப்புறம் தெரியாத அட்மின் கணக்கு ஏதும் முளைத்திருக்கிறதா பார்த்து, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

இன்னொரு வேலை பாக்கி. ஓட்டையை அடைத்த பிறகும், ஒருவர் பக்கத்து எண்ணைத் தட்டினால் மற்றவரின் முகவரி தெரியும். ஆர்டர் எண்ணோடு செல் நம்பரையும் கேட்டு, இரண்டும் பொருந்தினால் மட்டும் காட்டுங்கள்.