வீடில்லாதவருக்கு ஹவுசிங் வவுச்சர்: எங்கே தொடங்குவது, எங்கே சிக்கும்

அமெரிக்காவில் தமிழ்ச் சங்கம், கோயில் வழியாக ஷெல்டர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பரிமாறும்போது பேச்சுக் கொடுத்தால் கடைசியில், "வீடு கிடைக்க ஏதாவது வழி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்ட ஒரு முன்னாள் ராணுவ வீரரோடு, வீட்டுச் சாவி அவர் கைக்கு வரும்வரை கூடவே அலைந்தேன். அதில் கற்றதையும், பிறகு வேறு சிலருக்கு உதவியபோது தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். செக்‌ஷன் 8 என்ற அரசு வாடகை உதவி வவுச்சர் பற்றி ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்: குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கட்டுவார், மீதியை உள்ளூர் வீட்டுவசதி அமைப்பான ஹவுசிங் அத்தாரிட்டி நேராக வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடும்.

வீடற்றவர்களுக்கென்று ஒதுக்கிய வவுச்சர்கள் ஒரே அலுவலகத்தில் முடிகிற காரியம் இல்லை. ஆளைப் பார்த்துப் பேசிப் பரிந்துரைப்பது ஓர் அமைப்பு. வவுச்சர் கொடுப்பது ஹவுசிங் அத்தாரிட்டி. வீடு தேடவும், குடியேறிய பின் துணைக்கு நிற்கவும் இன்னொரு அமைப்பு. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தாலும், ஃபைல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்போதுதான் ஆள் விடுபட்டுப் போகிறார். படிவம் நிரப்பத் தருவதற்கு ஆள் இருக்கிறது. ஃபைல் போய்ச் சேர்ந்ததா என்று விடாமல் கேட்கத்தான் ஆள் இல்லை. உங்களால் செய்ய முடிந்த பெரிய உதவி அதுதான்.

படி 1: எந்த வாசலுக்குப் போவது

எல்லோரும் முதலில் ஹவுசிங் அத்தாரிட்டியின் இணையதளத்துக்குப் போவார்கள். அங்கே காத்திருப்போர் பட்டியல் பெரும்பாலும் மூடியிருக்கும். திறந்திருந்தால் பெயர் கொடுத்து வையுங்கள், தவறில்லை. ஆனால் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. அந்தப் பட்டியலை மட்டும் நம்பினால் வருஷக்கணக்கில் ஆகும்.

போக வேண்டிய இடம் கோஆர்டினேட்டட் என்ட்ரி: வீடற்றவரைப் பார்த்துப் பேசி, நிலைமையை மதிப்பிட்டு (அசெஸ்மென்ட்), பொருத்தமான உதவிக்குப் பரிந்துரைக்கும் பொது வாசல். ஒவ்வொரு பகுதியிலும் கன்டினியூம் ஆஃப் கேர் என்ற கூட்டமைப்பு இதை நடத்துகிறது. சமூக உதவித் தகவல் எண்ணான 211-ஐ அழைத்து, "கோஆர்டினேட்டட் என்ட்ரி அசெஸ்மென்ட் எங்கே நடக்கிறது?" என்று இதே சொற்களில் கேளுங்கள். வெறுமனே "வீடு வேண்டும்" என்றால் வாடகை விளம்பரப் பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே முதலில் வந்தவருக்கு முதலில் என்பது கிடையாது. யாருடைய நிலைமை அதிகம் ஆபத்தானதோ அவர் முன்னால் போவார்.

சிலருக்கு மட்டும் வேறு வாசல். ராணுவத்தில் இருந்தவர் என்றால் நேராக விஏ (முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை) மருத்துவமனையின் வீடற்றோர் பிரிவுக்குப் போகலாம், அல்லது எந்த நேரத்திலும் 877-424-3838 எண்ணை அழைக்கலாம். ஹட்-வாஷ் என்கிற இந்தத் திட்டத்தில் வவுச்சர் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் உடையது, கூடவே இருந்து வழிகாட்டும் பணியாளரான கேஸ் மேனேஜர் விஏவுடையவர். 2008 முதல் இது பெரிதாக வளர்ந்தது. 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வீடற்றவர்கள் 7,71,480 பேர், அதுவரை இல்லாத உச்சம். அதே கணக்கில் முன்னாள் ராணுவத்தினர் 32,882 பேர், அதுவரை இல்லாத குறைவு. இரண்டு துறைகள் சேர்ந்து நின்று வவுச்சரோடு ஒரு மனிதரையும் கூட அனுப்பியதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

பெற்றோரைப் பிரிந்து அரசு ஏற்பாட்டில் (ஃபாஸ்டர் கேர்) வளர்ந்து வெளியே வந்த 18 முதல் 24 வயதுப் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் நலத்துறை பரிந்துரைக்கும் தனி வவுச்சர் உண்டு, வழக்கமாக 36 மாதம். வீடில்லாததால் பிள்ளைகளைப் பிரிய நேரும் பெற்றோருக்கும் அதே துறை வழியாக ஒரு திட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவரை அதற்கென இருக்கும் அமைப்பிடமே அழைத்துப் போங்கள். அவர்கள் அவருடைய விவரத்தை மற்ற அமைப்புகளும் பார்க்கும் பொதுத் தகவல் தளத்தில் ஏற்ற மாட்டார்கள்.

எமர்ஜென்சி ஹவுசிங் வவுச்சர் என்று பழைய பக்கங்களில் பார்த்தால் அதன் பின்னால் ஓடாதீர்கள். 2021-ல் 70,000 வவுச்சர்கள் வந்தன. அவற்றைத் தருவதற்கு ஹவுசிங் அத்தாரிட்டியும் கன்டினியூம் ஆஃப் கேரும் ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் 2023 செப்டம்பர் 30-க்குப் பிறகு திரும்பி வந்தவற்றை மறுபடி கொடுக்க முடியாது. 2025 மார்ச்சில் இதுதான் கடைசி ஒதுக்கீடு என்று ஹட் அறிவித்துவிட்டது.

படி 2: வீடில்லை என்பதற்குச் சான்று

எங்கள் ஃபைல் நின்றது இங்கேதான். இதை நிதானமாகப் படியுங்கள்.

தெருவில், காரில், ஷெல்டரில் தூங்குகிறவர் ஹட் விதிப்படி வீடற்றவர். தொண்டு நிறுவனமோ அரசோ பணம் கட்டிய மோட்டலில் இருப்பவரும் அப்படியே. ஆனால் தன் காசில் மோட்டலில் தங்கியிருப்பவரையோ, நண்பர் வீட்டு சோபாவில் படுத்திருப்பவரையோ இந்த வரையறை சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. பள்ளிகள் பின்பற்றும் சட்டமோ உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பத்தையும் வீடற்றது என்றே கணக்கில் எடுக்கும். அதனால் பள்ளியில் "ஆமாம்" என்றவர்களுக்கு ஹவுசிங் பக்கம் "இல்லை" என்று பதில் வரும். சண்டை போட்டுப் பயனில்லை, இரண்டும் வெவ்வேறு சட்டம்.

எங்கள் ஆள் காரில்தான் தூங்கினார். அசெஸ்மென்ட்டில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, குளிருக்காக எப்போதாவது போய்ப் படுக்கும் நண்பர் வீட்டைச் சொல்லிவிட்டார். அது அப்படியே பதிவாகி, அடுத்த அலுவலகம் ஃபைலைத் திருப்பி அனுப்பியது. தெருவில் வேலை செய்யும் அவுட்ரீச் பணியாளர் ஒருவர் காரில் அவரைப் பார்த்து, பார்த்ததைக் கடிதமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் மறுபடி நகர்ந்தது.

ஆகவே அசெஸ்மென்ட்டுக்கு முன்பே உட்கார்ந்து, கடந்த மூன்று வருஷத்தில் எந்தெந்த மாதம் எங்கே தூங்கினார் என்று ஒரு காலண்டர் போடுங்கள். உண்மையை மட்டும் எழுதுங்கள், ஆனால் முழுவதையும் எழுதுங்கள். ஏழு இரவுக்குக் குறைவாக நண்பர் வீட்டில் படுத்தது தொடர்ச்சியை முறிக்காது. சிறையிலோ மருத்துவமனையிலோ 90 நாளுக்குள் இருந்து வந்தவர், அதற்கு முன் தெருவிலோ ஷெல்டரிலோ இருந்திருந்தால் வீடற்றவராகவே கணக்கு. உடல் அல்லது மனநலக் குறைபாட்டோடு தொடர்ந்து 12 மாதம் வீடில்லாமல் இருந்தவருக்கும், மூன்று வருஷத்தில் நாலு தடவையாகச் சேர்த்து 12 மாதம் அப்படி இருந்தவருக்கும் பெரும்பாலும் முன்னுரிமை உண்டு. இதை நிரூபிக்க அந்தக் காலண்டர்தான் கைகொடுக்கும்.

சான்றில் வெளியார் கடிதத்துக்குத்தான் முதல் மதிப்பு. அடுத்தது பணியாளர் நேரில் கண்டது. சம்பந்தப்பட்டவரே எழுதிக் கையெழுத்திடுவது கடைசி.

படி 3: ஃபைல், கையெழுத்து, தொலைபேசி

அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்று, ராணுவத்தினருக்குப் பணி விடுவிப்புச் சான்றான டிடி-214. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

பலருக்குத் தெரியாதது, தகவல் பகிர்வு ஒப்புதல் படிவம். அதில் அவர் கையெழுத்து இல்லாமல் எந்த அலுவலகமும் உங்களிடம் வாய் திறக்காது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தனிப் படிவம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக் கையெழுத்துப் போட வையுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை அழைத்து, "பரிந்துரை வந்து சேர்ந்ததா? இப்போது யார் கையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். இழுத்தடித்தால் கேஸ் மேனேஜரையும் ஹவுசிங் அத்தாரிட்டி ஊழியரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேசுங்கள். மாதக்கணக்கில் நடக்காதது அந்த ஓர் அழைப்பில் நடந்துவிடும்.

ஆவணங்களை கிளவுடில் மட்டும் போட்டு வைப்பது எனக்குப் பிடிக்காது. போன் தொலைந்தால் பாஸ்வேர்டும் சேர்ந்து போகும். நனையாத ஜிப் பையில் நகல்கள், கேஸ் மேனேஜரிடம் இன்னொரு செட்: இதுதான் என் முறை. போன் எண் மாறிப்போய் வாய்ப்பை இழந்தவர்கள் ஏராளம், ஆகவே மாற்றுத் தொடர்பாக இரண்டு பேரையாவது கொடுங்கள். லைஃப்லைன் திட்டத்தில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குத் தொலைபேசிச் சலுகை உண்டு.

படி 4: வவுச்சர் வந்தாச்சு, வீடு?

சாதாரண வவுச்சருக்கு வீடு தேட குறைந்தது 60 நாள், ஹட்-வாஷுக்குக் குறைந்தது 120 நாள். போதாவிட்டால் கெடு முடிவதற்குள் எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள்.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். கழிவுகள் போக மாத வருமானம் 1,000 டாலர், உங்கள் ஊரில் அந்த அளவு வீட்டுக்கு பேமென்ட் ஸ்டாண்டர்ட் (ஹவுசிங் அத்தாரிட்டி கணக்கில் எடுக்கும் உச்ச வாடகை) 1,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 1,750 என்றால் அவர் பங்கு 300. வாடகை 1,900 என்றால் மேலே உள்ள நூறும் அவர் தலையில் விழும், பங்கு 400. முதல் தடவை குடியேறும்போது பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே 1,950 டாலர் வீட்டுக்கு அனுமதி கிடையாது. இதில் பலரும் கவனிக்காதது: "வாடகை" என்று நான் எழுதியதில், குடியிருப்பவர் தனியாகக் கட்டும் மின்சாரம், கேஸ் போன்றவற்றுக்கான தொகையும் அடக்கம். 1,850-க்கு விளம்பரம் செய்த வீடு அந்தத் தொகை சேர்ந்ததும் எல்லையைத் தாண்டிவிடலாம். பார்க்கப் போகும் முன்பே பில் யார் கட்டுவது என்று கேட்டுவிடுங்கள்.

டெபாசிட் பணம் வவுச்சரில் வராது. ராணுவத்தினருக்கு, அவர்களின் வீட்டுச் செலவுக்கு உதவும் விஏவின் எஸ்எஸ்விஎஃப் திட்டம் கைகொடுக்கும். மற்றவர்களுக்கு உள்ளூர் அமைப்புகளிடம் கேட்க வேண்டும். நம் சங்கங்கள் பணம் தர நினைத்தால் இங்கே தரலாம் என்பது என் கருத்து. ஒரு டெபாசிட் இல்லாமல் போனதற்காக வவுச்சர் காலாவதியாகக் கூடாது.

"செக்‌ஷன் 8 வேண்டாம்" என்று வீட்டுக்காரர் சொன்னால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் அது சட்ட விரோதம். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களிலும் பாதுகாப்பு உண்டு. டெக்ஸாஸில் நிலைமை தலைகீழ்: 2015-ல் வந்த சட்டப்படி நகரங்கள் அப்படி ஒரு தடை போடவே முடியாது, முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் விதிவிலக்கு.

படி 5: குடியேறுவது

வீட்டுக்காரர் சம்மதித்ததும் அந்த வீட்டுக்கு ஹவுசிங் அத்தாரிட்டியின் அனுமதி கோரும் படிவத்தை இருவரும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு வீட்டுச் சோதனை, ஒப்பந்தம், சாவி. சோதனையில் வீடு தேறும் முன் குடியேறாதீர்கள், அந்த நாட்களுக்கு ஹவுசிங் அத்தாரிட்டி பணம் தராது. அங்கீகரித்ததற்கு மேல் தனியாகக் கொஞ்சம் கொடுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டால் மறுத்துவிடுங்கள். அது விதிமீறல், வவுச்சரே பறிபோகலாம்.

பிற்சேர்க்கை, பின்னூட்டங்களைப் பார்த்த பிறகு

ஹெச்-1பி விசாவில் வந்து குடும்ப வன்முறையால் வெளியேறிய தோழிக்கு இது கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஹெச்-1பி, ஹெச்-4 விசாவை மட்டும் வைத்து வவுச்சர் கிடைக்காது. குடியுரிமை உள்ளவர், கிரீன் கார்டு உள்ளவர், அகதி போன்றோருக்கே தகுதி. ஆனால் வீட்டில் ஒரு குழந்தைக்குக் குடியுரிமை இருந்தால், குடும்பமாகக் குறைந்த விகிதத்தில் உதவி பெற வழி உண்டு. அவருக்குத் தனியாகக் குடியேற்ற வழிகளும் இருக்கக்கூடும், வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். வன்முறைப் புகலிடங்கள் பொதுவாக விசாவைக் கேட்பதில்லை; இன்றிரவே அங்கே அழைத்துக் கேட்கலாம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்கும் இணையதளத்தைப் பற்றி இன்னொருவர் எழுதியிருந்தார். பணம் கட்டாதீர்கள். வவுச்சர் விண்ணப்பத்துக்கும் காத்திருப்போர் பட்டியலில் சேரவும் கட்டணம் கிடையாது.

குடியேறிய பிறகு என்ன என்று கேட்டவருக்கு: முதல் வாரத்திலேயே ஹவுசிங் அத்தாரிட்டி, சோஷியல் செக்யூரிட்டி, விஏ எல்லாவற்றிலும் முகவரியை மாற்றுங்கள். வருமான மறுபரிசீலனைக் கடிதம் பழைய ஷெல்டர் முகவரிக்குப் போய்விட்டால் பதில் வராத ஃபைலாகிவிடும். அதன் பேரில் உதவியை நிறுத்த முடியும். நிறுத்தப்போவதாகக் கடிதம் வந்தால் அதில் விசாரணை கேட்பதற்கான கடைசித் தேதி இருக்கும். அன்றைக்கே எழுத்தில் கேட்டு, நகல் ஒன்றை ஜிப் பையில் வையுங்கள்.