கொடைவிழாவிலிருந்து தொடங்குங்கள்: ஒலிபரப்புப் பயிலும் மாணவர்களுக்கான பண்பாட்டுப் பயிற்சி

வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பயிற்சி பெறும் மாணவர்கள் குரலையும் கருவிகளையும் கற்கும் அளவுக்குத் தாம் பேசப்போகும் மக்களைக் கற்பதில்லை. குமரி மாவட்டத்தில் பயில்பவர்கள், அம்மன் கோயில் அல்லது சுடலைமாடன் கோயில் கொடைவிழா (ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் திருவிழா) ஒன்றையும் அதில் நடக்கும் வில்லுப்பாட்டையும் வைத்து இதைத் தொடங்கலாம்.

1. போவதற்கு முன் படியுங்கள். இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. கிழக்கே தோவாளைப் பக்கத்துப் பேச்சும் மேற்கே கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பேச்சும் ஏன் வேறுபடுகின்றன என்பது இந்த வரலாற்றை அறிந்தால் விளங்கும். மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்தி 1859-இல் உச்சமடைந்த தோள்சீலைப் போராட்டத்தையும், சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தொடங்கிய வழிபாட்டையும் அறியாமல் இங்கே யாரிடமும் நேர்காணல் எடுக்கச் செல்ல வேண்டாம்.

2. பதிவுக்கருவி இல்லாமல் கேளுங்கள். இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வில்லில் கட்டிய மணிகள், அதை அடிக்கும் வீசுகோல், உடுக்கு, குடம் ஆகியவற்றின் ஓசைகளைத் தனித்தனியே பிரித்தறியக் காதைப் பழக்குங்கள். படம் இல்லாத ஊடகத்தில் நேயருக்கு ஓசையே காட்சி. காப்புப் பாடலில் தொடங்கி வாழி பாடி முடிக்கும் வரை இருங்கள். கதை உச்சத்தை நெருங்குகையில் சாமியாடி அருள்கொண்டு ஆடுவார்; அந்த நேரத்தில் அது வழிபாடு, கலைநிகழ்ச்சி மட்டுமன்று. இதை உணர்ந்த மாணவரே, அடுத்த முறை அனுமதி பெற்றுப் பதிவு செய்ய வரும்போது, ஒலிவாங்கியைச் சாமியாடியின் வழியில் நிறுத்தாமல் ஒதுக்கி வைப்பார்.

3. பெயர்ப்பட்டியல் எழுதுங்கள். தெய்வம், ஊர், கருவி, உறவுமுறை ஆகியவற்றின் பெயர்களை ஊரார் ஒலிப்பதைப் போலவே குறித்துக்கொள்ளுங்கள். பெயரைத் தவறாக ஒலிக்கும் அறிவிப்பாளர் அதன்பின் சொல்லும் உண்மைகளையும் நேயர்கள் ஐயத்தோடுதான் கேட்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

4. மூன்று நிமிட உரை எழுதி, பாடிய குழுவினரிடமே படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்துவதை அப்படியே ஏற்று எழுதுங்கள்.

5. அடுத்துக் கடற்கரைக்குச் செல்லுங்கள். அங்கே தேவாலயத் திருவிழாவில் இதே முறையைப் பின்பற்றலாம். ஆனால் கடல்தொழிலையும் சேர்த்துக் கற்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். பல நாள்கள் தங்கித் தொழில் செய்பவர்கள் அவர்கள் என்பதை அறிந்த செய்தியாளர், “எச்சரிக்கையை மீறி ஏன் போனார்கள்?” என்று குடும்பத்தாரிடம் கேட்கமாட்டார், எந்தப் படகு, எத்தனை பேர், கடைசியாக எப்போது பேசினார்கள் என்று கேட்டு, அதை உடனே மீட்புப் பணியினருக்கும் தெரிவிப்பார்.