ஆபீஸ் சீலிங் பஞ்சை வீட்டு ஷீட் கூரைக்கு ஏற்றுவது எப்படி?

கிண்டி, அம்பத்தூர் பக்கம் ஒரு ஆபீஸ் இடம் மாறினால் ஃபால்ஸ் சீலிங்கை உடைத்துத்தான் கொடுப்பார்கள். மேஜை நாற்காலிக்கு ஆள் வந்துவிடும். அலுமினியத்துக்குக் காயலான் கடைக்காரர் வந்துவிடுவார். சீலிங்குக்கு மேலே விரித்திருக்கும் கிளாஸ் வுல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு மட்டும் கேட்பாரில்லாமல் குப்பை லாரி ஏறும். சீலிங் வேலை செய்கிறவன் நான், அதை விடுவதில்லை. மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு ஒரு அறை எடுத்துவிட்டு சித்திரை வெயிலில் வேகிறவர்களுக்கு அந்தப் பஞ்சு போதும். கண்ணாடி இழை சும்மா கிடந்து கெடாது. அதைக் கெடுப்பது தண்ணீரும் எலியும்தான்.

அதனால் எடுப்பதற்கு முன் சோதனை முக்கியம். பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் கனம் இருக்கும். உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். சட்டென்று எழும்பினால் சரி, அமுங்கியபடியே கிடந்தால் விட்டுவிடுங்கள். ஏசி டக்ட், பைப் போகிற வழியில் இருந்ததைத் தனியாகப் புரட்டிப் பாருங்கள், சொட்டியிருந்தால் அங்கேதான் சொட்டியிருக்கும். பழுப்புக் கறை, கறுப்புப் புள்ளி, எலி மூத்திர வாடை, இதில் எது இருந்தாலும் வேண்டாம். "காயவைத்துப் போடலாமே அண்ணே" என்று கேட்பார்கள். சூட்டைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. நனைந்து படிந்த பஞ்சில் அந்தக் காற்றுக்கு இடமில்லை. காய்ந்தாலும் பழைய கனம் திரும்பாது.

கழற்றும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, என்95 மாஸ்க் எல்லாம் வேண்டும். முகத்தில் கைக்குட்டை கட்டுவது சும்மா ஒப்புக்குத்தான். ஃபேனை நிறுத்திவிடுங்கள். பாயை உதறுவது போல உதறாமல், பஞ்சின் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் அலுமினிய ஃபாயில் வெளிப்பக்கம் வரும்படி தளர்வாகச் சுருட்டி பாலிதீன் பையில் போடுங்கள். வேலை முடிந்ததும் அரிக்கும், சொறியக் கூடாது. பச்சைத் தண்ணீரில் அலசினால் இழை போய்விடும். அன்றைக்குப் போட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கொண்டுவந்த சுருளைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள், அதன் மேல் பாரம் ஏற்றாதீர்கள். 50 மில்லிமீட்டர் பஞ்சு 25-க்கு அமுங்கினால் அதன் வேலையும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அப்புறம், ஏற்றுவது. முதலில் ஷீட்டில் ஒழுகல் பாருங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. சீலிங் ஃபிரேம் அடித்து, ஜிப்சம் போர்டு ஏற்ற ஏற்ற அதன் முதுகில் பஞ்சை விரித்துக்கொண்டே வர வேண்டும். ஃபாயில் கீழே, அறையைப் பார்த்து இருக்கட்டும், இழை உதிர்ந்தால் அது தாங்கும். இணைப்புகளை அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். பஞ்சு ஷீட்டைத் தொடக் கூடாது, இடைவெளி கட்டாயம். விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் வேர்த்து நீர் கோக்கும், தொட்டுக்கொண்டிருந்தால் பஞ்சு அதைக் குடித்துவிடும். அந்த இடைவெளியின் இரு முனையிலும் காற்று போக வழி விட்டு, எலி நுழையாமல் வலை அடியுங்கள். எல்இடி லைட்டின் டிரைவர், அதாவது அதற்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி, அதன் மேல் பஞ்சைப் போர்த்தாதீர்கள், சூடேறி சீக்கிரம் போய்விடும்.

ஃப்ரிட்ஜ், டிவி பெட்டியில் வரும் தெர்மாகோலையும் கேட்கிறார்கள். சூடு தடுக்கும், உண்மைதான், அதில் 98 சதவீதம் காற்று. ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டி, கரும்புகை கக்கும். போர்டோ பூச்சோ மூடாத இடத்தில் வைக்கவே கூடாது, சமையலறைப் பக்கம் அறவே வேண்டாம். ரப்பர் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், வெள்ளை ஃபெவிகால் ஒட்டும். ஒயர் மேல் படும்படியும் வைக்காதீர்கள். பிவிசி உறையில் உள்ள எண்ணெய்ப் பசையைத் தெர்மாகோல் இழுத்துக்கொள்ளும், நாளாக நாளாக ஒயர் விறைத்து வெடிக்கும். என்னைக் கேட்டால், பஞ்சு கிடைக்கிற இடத்தில் தெர்மாகோலுக்குப் போக மாட்டேன்.

உங்கள் கூரை தகரம் இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் டிரில் போடவோ, அறுக்கவோ, தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். ஃபிரேமை ஷீட்டில் பிடிக்காமல் சுவரில் பிடித்தே அடியுங்கள்.

மிஞ்சிய கிழிசலைத் தலையணையில் அடைக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். இரண்டு பை போட்டுக் கட்டி, குப்பை எடுக்க வருகிறவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். பல பேர் வெறுங்கையால்தான் பையைத் தூக்குகிறார்கள்.