பச்சைத் திரை மானிட்டரை லினக்ஸில் இரண்டாம் திரையாக ஓட்டுவது

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பச்சை எழுத்து மானிட்டர் கிடந்தால், ஆக்ரிக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஐஎஸ்ஏ ஸ்லாட் (பழைய வகைக் கார்டு செருகும் இடம்) உள்ள மதர்போர்டும் ஒரு ஹெர்குலிஸ் வகைக் கார்டும் (ஒற்றை நிறத் திரைக்கான பழைய டிஸ்ப்ளே கார்டு) இருந்தால் போதும். விஜிஏ திரையில் வேலை நடக்க, பச்சைத் திரையில் சிஸ்டம் லாக் (கணினி எழுதிவரும் செயல்குறிப்பு) தனியாக ஓடும். எழுத்துக்கு 9க்கு 14 புள்ளி. 80 பத்தி, 25 வரி. லாக் படிக்க இதைவிடத் தெளிவான எழுத்து வேண்டியதில்லை.

முதலில் மின்சாரம். பின்பக்க லேபிளில் 110 வோல்ட் என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகக் கூடாது. ஆடி மழையில் பரணிலிருந்து இறக்கியதை உடனே ஆன் செய்யவும் கூடாது. ஈரமிருந்தால் ஆனோட் கப் (படக்குழாயில் ஹை வோல்டேஜ் ஒயர் சேரும் ரப்பர் மூடி) ஓரமாக 'ஸ்ஸ்' என்று ஹை வோல்டேஜ் கசியும். இரண்டு மூன்று நாள் காய்ந்த இடத்தில் வையுங்கள்.

அடுத்து கனெக்டர். மோனோ (ஒற்றை நிறம்), சிஜிஏ (பழைய கலர் கார்டு), சீரியல் மூன்றுக்கும் 9 பின்தான். தோற்றத்தை நம்ப வேண்டாம். மோனோ கார்டில் 1, 2 கிரவுண்ட், 6 இன்டென்சிட்டி, 7 வீடியோ, 8 ஹரிசான்டல் சிங்க் (ஒவ்வொரு வரிக்குமான துடிப்பு), 9 வெர்டிகல் சிங்க் (ஒவ்வொரு திரைக்குமான துடிப்பு). இந்த மானிட்டர்களுக்கு 18.432 கிலோஹெர்ட்ஸ் ஹரிசான்டல் சிங்க் வேண்டும். ஐபிஎம் 5151 போன்றவற்றில் உள்ளே தனி ஆசிலேட்டர் இல்லை; கார்டு அனுப்பும் சிங்க்தான் ஹரிசான்டல் சர்க்யூட்டை ஓட்டுகிறது. தப்பான வேகம் வந்தால் அந்தச் சர்க்யூட்டே எரிந்துபோகலாம். கீச்சென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விஜிஏ முதன்மைக் கார்டாக இருக்கும்போது பயாஸ் மோனோ கார்டைத் தொடுவதில்லை. அதன் 6845 சிப்பில் (சிங்க் வேகத்தைத் தீர்மானிக்கும் சிப்) எந்த எண்ணும் ஏறியிருக்காது. ஆகவே டிரைவர் ஏறிய பிறகே மானிட்டரை ஆன் செய்யுங்கள். லினக்ஸில் மோனோ திரைக்கான எம்டிஏகான் டிரைவர் ஹெர்குலிஸ் வகைக் கார்டுகளுக்கு 97, 80, 82, 15 என்று ரெஜிஸ்டர்களைத் தானே நிரப்பிவிடும். அசல் எம்டிஏ (ஐபிஎம்மின் மோனோ) கார்டுக்கு அதைச் செய்யாது. ஹெர்குலிஸைத் தேடச் சொல்வது இதனால்தான்.

லினக்ஸ் கெர்னல் கன்ஃபிகில் கன்சோல் டிஸ்ப்ளே டிரைவர் பகுதிக்குப் போய் எம்டிஏ டெக்ஸ்ட் கன்சோலை மாட்யூலாகத் தேர்வுசெய்து கம்பைல் செய்யுங்கள். பழைய 32 பிட் கெர்னல் நல்லது. ரூட்டாக 'மோட்புரோப் எம்டிஏகான்' கொடுத்து டிமெசேஜைப் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) பாருங்கள். கார்டின் பெயரும் மெமரி அளவும் வந்தால் டிடிஒய் (எழுத்துக் கன்சோல்) 13 முதல் 16 வரை பச்சைத் திரைக்குப் போய்விட்டது என்று பொருள். வலது ஆல்ட்டுடன் எஃப்1 அழுத்தினால் 13. லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் சேவையின் கன்ஃபிகில் இன்ஃபோ நிலைச் செய்திகளை டிடிஒய் 13க்குத் திருப்பிவிடுங்கள். கீபோர்டு விஜிஏ பக்கம் இருந்தாலும் வரிகள் அங்கே வந்துகொண்டிருக்கும்.

'கார்டு நாட் டிடெக்டெட்' என்று வந்தால் பெரும்பாலும் முகவரிச் சிக்கல். மோனோ கார்டின் மெமரி ஹெக்ஸில் பி0000. விஜிஏவின் கலர் டெக்ஸ்ட் பி8000. ஏஜிபி (டிஸ்ப்ளே கார்டுக்கான தனி ஸ்லாட்) உள்ள போர்டில் பி0000க்குப் போக வேண்டியதும் ஏஜிபி பக்கமே போய்விடும். இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டில் எம்டிஏ இருக்கிறது என்று சொல்லவே ஒரு பிட் உண்டு. பிசிஐ விஜிஏ கார்டு போட்டுப் பார்ப்பது அதைவிட எளிது.

நிறம் வராது. அடிக்கோடு, பிரகாசம், தலைகீழ் (பச்சைப் பின்னணியில் கறுப்பு எழுத்து), விட்டுவிட்டு மின்னுதல் இவைதான் உண்டு. எழுத்துரு கார்டின் ராமில் இல்லாமல் மாற்றி எழுத முடியாத ரோமில் இருப்பதால் தமிழ் எழுத்தும் வராது. தமிழ் வேண்டுமென்றால் எம்டிஏகானை எடுத்துவிட்டு எச்ஜிஏஎஃப்பி (ஹெர்குலிஸ் கிராஃபிக்ஸ் டிரைவர்) போட்டு, 720க்கு 348 கிராஃபிக்ஸில் எழுத்தைப் படமாக வரைய வேண்டும். அங்கே வரிகள் நான்கு வங்கிகளாகப் பிரிந்திருக்கும்: வரி எண்ணை 4ஆல் வகுத்த மீதியை 8192ஆல் பெருக்கி, ஈவை 90ஆல் பெருக்கிக் கூட்டினால் அந்த வரி தொடங்கும் இடம். இதை மறந்து நேராக எழுதினால் படம் நாலு நாலு வரியாகத் தாவி நிற்கும்.

படம் ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை மெல்ல அசைகிறதா? திரை விநாடிக்கு 49.8 முறை புதுப்பிக்கிறது, நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பக்கத்திலுள்ள ஸ்டெபிலைசரை நாலடி தள்ளி வையுங்கள், நின்றுவிடும்.

செட்டெர்ம் கட்டளையை வைத்துத் திரையை அணைக்க நினைத்தால் கீபோர்டு இருக்கும் கன்சோல்தான் அணையும். லாக் திரையை இரவில் பிரைட்னஸ் குமிழைத் திருகியே குறைக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ்பரில் எழுத்துத் தடம் விழுந்துவிடும்.