ஏர் ஃப்ரையர்ல ஸ்வீட் ஸ்பைசி கார்ன்: நமுத்துப் போறதுக்கு என்ன காரணம்?

கிரிஸ்பி கார்னை எண்ணெய்ல பொரிச்சா முத்து வெடிச்சு மூஞ்சில தெறிக்கும், அந்த பயத்துலயே நிறைய பேர் ஏர் ஃப்ரையருக்கு மாறியிருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா செஞ்சு பாத்துட்டு மொறுமொறுன்னு வரல, சதசதன்னு இருக்கு, காரம் கருகி கசக்குதுன்னு புலம்பல் வருது. மெஷின்ல குறை இருக்காது, முக்காவாசி தப்பு கார்னை உள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே நடந்துடுது.

முதல் தப்பு ஈரம். ஸ்வீட் கார்ன்ல முக்கால் பங்கு தண்ணிதான், அதை வேக வெச்சு வடிச்ச சூட்டோட மாவுல போட்டா மாவு பசையாகி எல்லாம் கட்டி கட்டியா ஒட்டிக்கும். கொதிக்கிற தண்ணில ரெண்டு மூணு நிமிஷம் போதும், வடிச்சுட்டு காட்டன் துணில பரப்பி ஃபேனுக்கு அடியில ஆற விடுங்க, கைல எடுத்தா விரல்ல ஈரம் ஒட்டக்கூடாது. ஃப்ரோசன் கார்னா இருந்தா இன்னும் கவனம், ஐஸ் உருகுற தண்ணி வந்துட்டே இருக்கும். உப்பையும் முன்னாடியே போட்டு வெச்சுடாதீங்க, அது உள்ள இருக்கிற தண்ணியையும் வெளிய இழுத்துடும்.

ஒரு கப் முத்துக்கு ரெண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளோர், ஒரு ஸ்பூன் அரிசி மாவு. அரிசி மாவை விட்டுடாதீங்க, அந்த மொறுமொறுப்பே அதாலதான். பிசிறினதும் ஒரு சல்லடைல போட்டு உதிரி மாவை சலிச்சுடணும், இல்லன்னா ஃபேன் காத்துல அது பறந்து மேல இருக்கிற கம்பியில படிஞ்சு தீயும். அப்புறம் எண்ணெய். ஏர் ஃப்ரையர்னா எண்ணெயே வேணாம்னு நெனச்சு காய்ஞ்ச மாவோட வெச்சா, வெளிய எடுக்கும்போதும் வெள்ளை வெள்ளையா பச்சை மாவாதான் இருக்கும். ரெண்டு டீஸ்பூன் விட்டு நல்லா பிரட்டுங்க.

கூடைல குவிச்சு போடாதீங்க, ஒரே அடுக்கா பரப்பணும், நிறைய இருந்தா ரெண்டு தடவையா போடுங்க. 190 டிகிரில 12ல இருந்து 15 நிமிஷம், நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா குலுக்கணும்.

இப்ப இனிப்பும் காரமும். இதுலதான் எனக்கு ரொம்ப ஆதங்கம், ஏன்னா இவ்வளவு பாடுபட்டு மொறுமொறுன்னு கொண்டு வந்ததை கடைசி ஒரு நிமிஷத்துல கெடுத்துடுறாங்க. தேனையும் மிளகாத்தூளையும் முதல்லயே கலந்து வெச்சா ரெண்டும் அந்த சூட்டுல சீக்கிரமே கருகிடும், கசப்புதான் மிச்சம். சரி, வெந்ததுக்கு அப்புறம் தேன் ஊத்தலாமான்னா, அதுலயும் தண்ணி இருக்கே, கொஞ்ச நேரத்துல நமுத்துடும். என்னைக் கேட்டா பொடிச்ச சர்க்கரைதான் பெஸ்ட். ரெண்டு டீஸ்பூன் பொடி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாத்தூள், கொஞ்சம் ஆம்சூர் பொடி (காய்ஞ்ச மாங்காயைப் பொடிச்ச புளிப்புத் தூள்), உப்பு எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல கலந்து வெச்சுட்டு, கார்ன் வெளிய வந்த சூட்டுலயே தூவி குலுக்கினா எண்ணெய்ப் பசைல அழகா ஒட்டிக்கும். எலுமிச்சை பிழியாம ஆம்சூர் போடுறதும் அதே ஈரத்துக்கு பயந்துதான். தேன்தான் வேணும்னா சின்ன கடாயில குமிழ் விட்டு கெட்டியாகுற வரைக்கும் சுண்ட வெச்சு பிரட்டி உடனே சாப்பிட்டுடுங்க.

வெங்காயம், மல்லித்தழை தட்டுல போடும்போது மட்டும். மூடி போட்டு மட்டும் வெக்காதீங்க, ஆவியிலயே தொவண்டு போயிடும். மிஞ்சினா மசாலா தூவாததை எடுத்து வெச்சு, மறுபடி மூணு நிமிஷம் ஏர் ஃப்ரையர்ல சூடு பண்ணி அப்புறமா தூவிக்கலாம்.