டேட்டாபேஸ்ல இருந்து எக்ஸ்எம்எல் எடுக்கணுமா, ஸ்ட்ரிங்க ஒட்டாதீங்க

ஒரு லூப் போட்டு, திறக்குற டேக், வேல்யூ, மூடுற டேக்னு ஸ்ட்ரிங்கா ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் (டேட்டாவ டேக்குக்குள்ள வச்சு இன்னொரு புரோகிராமுக்கு அனுப்புற ஃபைல் வடிவம்) எழுதுற பழக்கம் இருந்தா முதல்ல அத விட்டுடுங்க. டெஸ்ட் டேட்டாவுல எல்லாம் அழகா ஓடும், அப்புறம் ஒருநாள் யாராவது பொருள் பேர்ல நட் & போல்ட்னு டைப் பண்ணி வச்சிருப்பாங்க, எக்ஸ்எம்எல்ல தனி அர்த்தம் இருக்கிற அந்த ஒரே ஒரு & குறியால மொத்த ஃபைலும் செல்லாம போயிடும். எக்ஸ்எம்எல்ல தப்பான இடத்த விட்டுட்டு மீதிய படிச்சுக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது, 1998ல ஸ்டாண்டர்ட் வந்தப்பவே அப்படித்தான் வச்சாங்க, அமைப்பு எங்க பிசகுதோ அங்கயே பார்சர் (ஃபைல படிச்சுப் பிரிக்கிற புரோகிராம்) நின்னுடணும்.

அதனால எக்ஸ்எம்எல்ல சரியா எழுதிக் குடுக்குற ரைட்டர் லைப்ரரிய எடுத்துக்கோங்க. பிஹெச்பிலயும் சி ஷார்ப்லயும் எக்ஸ்எம்எல்ரைட்டர், ஜாவால எக்ஸ்எம்எல்ஸ்ட்ரீம்ரைட்டர், பைத்தான்ல எலிமெண்ட்ட்ரீ, எல்லாமே கூடவே வர்றதுதான், தனியா தேடி அலைய வேண்டாம். டெக்ஸ்ட் எழுதுற ஃபங்ஷன்கிட்ட வேல்யூவ அப்படியே குடுங்க, & < மாதிரி குறியெல்லாம் அதுவே &#38; மாதிரி எக்ஸ்எம்எல் கோடா மாத்திக்கும். முன்னாடியே நீங்களும் மாத்திக் குடுத்தா ரெண்டு தடவ மாறி, படிக்கிறவங்க ஸ்கிரீன்ல பேருக்கு நடுவுல &#38;னு அப்படியே தெரியும். சிடேட்டாவுக்குள்ள (உள்ள இருக்கிறத வெறும் டெக்ஸ்ட்டா எடுத்துக்கோன்னு பார்சருக்குச் சொல்ற பகுதி) போட்டா பிரச்சனையே இல்லன்னு சிலர் சொல்வாங்க, ஆனா டேட்டாவுக்குள்ளயே ]]> வந்தா அதுவும் அங்கயே முடிஞ்சிடும், அத நம்பி இறங்காதீங்க.

இப்ப நிஜமான வேலைக்கு வருவோம். ஆர்டர், பொருள்னு ரெண்டு டேபிள ஜாயின் பண்ணா (சேர்த்து எடுத்தா) ரிசல்ட் தட்டையா வரும், அதாவது ஒரே ஆர்டர் எண் ஒவ்வொரு பொருளுக்கும் திரும்பத் திரும்ப வரும் (ஆர்டர் எண், பொருள், அளவு):

1042 | நட் & போல்ட் | 20
1042 | வாஷர் | 50
1043 | ஆணி | 100

நமக்கு வேண்டியது இது:

<ஆர்டர்கள்>
  <ஆர்டர் எண்="1042">
    <பொருள் அளவு="20">நட் &#38; போல்ட்</பொருள்>
    <பொருள் அளவு="50">வாஷர்</பொருள்>
  </ஆர்டர்>
  <ஆர்டர் எண்="1043">
    <பொருள் அளவு="100">ஆணி</பொருள்>
  </ஆர்டர்>
</ஆர்டர்கள்>

(டேக் பேரு தமிழ்லயே இருக்கலாம், ஸ்டாண்டர்ட் அனுமதிக்குது. வாங்கிக்கிறவங்க ஸ்கீமா, அதாவது எந்த டேக் எப்படி வரணும்ங்கிற விதி ஃபைல், குடுத்திருந்தா மட்டும் அதுல இருக்கிற பேரத்தான் வைக்கணும்.)

இதுக்கு குவெரில ஆர்டர் எண்ணு வரிசைப்படி சார்ட் பண்ணிடுங்க, அது இல்லாம எதுவும் நடக்காது. அப்புறம் கடைசியா பார்த்த எண்ண ஒரு வேரியபிள்ல வச்சுக்கிட்டு, புது ரோ வரும்போது எண் மாறியிருந்தா, ஏற்கெனவே ஒரு ஆர்டர் திறந்திருக்கும் பட்சத்துல அத மூடிட்டு புதுசு திறங்க, மாறலன்னா பொருள மட்டும் எழுதுங்க. லூப் முடிஞ்சதும் கடைசி ஆர்டர மூடணும், லூப்புக்குள்ள அத மூட ஆளே இல்ல, நிறைய பேர் கோட்டை விடுறது இந்த இடத்துலதான். ரிசல்ட்ல ஒரு ரோ கூட வரலன்னா மூட எதுவும் இருக்காது, அதுக்கும் ஒரு செக் போட்டுடுங்க. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனி குவெரி ஓட்டி பொருள் எடுக்கிறதும் ஒரு வழிதான், ஆனா ஆர்டர் ஆயிரக்கணக்குல போனா டேட்டாபேஸ் பாவம்.

நல் வேல்யூ (டேட்டாபேஸ்ல எதுவும் நிரப்பாம விட்ட இடம்) என்ன ஆகணும்னு கோட் எழுதுறதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க. எலிமெண்ட்டையே (திறக்குற டேக்ல இருந்து மூடுற டேக் வரைக்கும்) விட்டுடலாம், காலியா எழுதலாம், இல்ல ஸ்கீமா இடம் குடுத்தா வேல்யூ இல்லன்னு சொல்ற நில்னு ஆட்ரிபியூட் வைக்கலாம், மூணுக்கும் அர்த்தம் வேற. டெலிவரி தேதி காலி எலிமெண்ட்டா போச்சுன்னா, அந்தப் பக்கம் தேதின்னு டைப் வச்சு செக் பண்றவங்களுக்கு அது எர்ரர். தேதிய 2024-03-05னு வருஷம் முதல்ல வர்ற மாதிரியே எழுதுங்க, தசமத்துக்கு புள்ளிதான், சர்வரோட லொக்கேல் (எண், தேதிய அந்தந்த ஊர் வழக்கப்படி எழுதுற) செட்டிங்க நம்பி விட்டா சில ஊர்ல அது கமாவா மாறிடும்.

லைப்ரரியே காப்பாத்தும்னு விட முடியாத ஒரு விஷயம் கண்ட்ரோல் கேரக்டர். எங்கிருந்தாவது காப்பி பண்ணி ஒட்டின டெக்ஸ்ட்ல கண்ணுக்கே தெரியாம ஒளிஞ்சிருக்கும். 32க்கு கீழ இருக்கிற எழுத்துக் கோட் எண்ல 9, 10, 13 அதாவது டேப், ரெண்டு வகை லைன் பிரேக், இத தவிர வேற எதுக்கும் எக்ஸ்எம்எல் 1.0ல இடமே இல்ல, எண்ணா மாத்தி எழுதினாலும் செல்லாது. சில ரைட்டர் எர்ரர் குடுக்கும், சிலது கண்டுக்காம எழுதிட்டுப் போயிடும், அதனால டெக்ஸ்ட ரைட்டர்கிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே வடிகட்டிடுங்க.

என்கோடிங் (எழுத்த பைட்டா சேமிக்கிற முறை) ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் யூடிஎஃப்-8 தான். மைஎஸ்க்யூஎல்ல கனெக்ஷனுக்கு யூடிஎஃப்8எம்பி4 வைங்க, அதுல பழைய யூடிஎஃப்8ங்கிற செட்டிங் ஒரு எழுத்துக்கு மூணு பைட்டோட நின்னுடும், தமிழ் எழுத்து மூணு பைட்ங்கிறதால தப்பிச்சிடும், எமோஜி நாலு பைட், அது தப்பிக்காது. நீளம் குறைக்கணும்னா பைட் கணக்குல வெட்டாதீங்க, எழுத்து பாதில அறுந்து ஃபைலே செல்லாம போயிடும். எக்ஸ்எம்எல் டிக்ளரேஷனுக்கு (<?xmlனு ஆரம்பிக்கிற முதல் வரி) முன்னாடி ஒரு ஸ்பேஸ் கூட வரக்கூடாது, பிஹெச்பி ஃபைல்ல மேல ஒரு காலி வரி இருந்தாலே போதும், பார்சர் முதல் வரியிலயே கை விரிச்சிடும்.

ரெக்கார்ட் லட்சக்கணக்குல இருந்தா எல்லா எலிமெண்ட்டும் சேர்ந்த முழு மரத்தையும் மெமரில கட்டாதீங்க, ஒவ்வொரு ரோவா படிச்சு நேரா ஃபைல்ல எழுதுங்க. டேட்டாபேஸ் டிரைவர் மொத்த ரிசல்ட்டையும் முன்கூட்டியே இழுத்து வச்சுக்கிட்டா ஸ்ட்ரீமா எழுதியும் புண்ணியமில்ல, அந்த பஃபரிங்க அணைக்க ஆப்ஷன் இருக்கும், பாருங்க. சின்ன வேலைன்னா டேட்டாபேஸே எக்ஸ்எம்எல் குடுத்துடும், எஸ்க்யூஎல் சர்வர்ல ஃபார் எக்ஸ்எம்எல் பாத், போஸ்ட்கிரஸ்லயும் ஆரக்கிள்லயும் எக்ஸ்எம்எல்எலிமெண்ட், எக்ஸ்எம்எல்ஆக் இருக்கு. அமைப்பு கொஞ்சம் சிக்கலாச்சுன்னா அந்த குவெரிய அடுத்து வர்றவங்க படிக்கவே கஷ்டப்படுவாங்க, அப்ப கோட்லயே எழுதுறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

எழுதும்போது வேற பேர்ல ஒரு தற்காலிக ஃபைல்ல எழுதுங்க, முடிஞ்சதும் எக்ஸ்எம்எல்லின்ட்ல (எக்ஸ்எம்எல் சரியா இருக்கான்னு பார்க்குற டூல்) ஒரு ஓட்டு ஓட்டி, ஸ்கீமா இருந்தா அதையும் சேர்த்து செக் பண்ணி, சரின்னு வந்தா மட்டும் நிஜப் பேருக்கு மாத்துங்க, நடுவுல புரோகிராம் நின்னு போனாலும் பாதி ஃபைல் யார் கைக்கும் போகாது.